இது ஆருக்கு? வன்னிப் பயணக் குறிப்புகள்

வியாழன், கிளிநொச்சி

சுன்னாகத்தில் இருந்து விடியற்காலையிலேயே வெளிக்கிட்டோம். வேனில் மனைவி, மகள், மகன். பின்னுக்கு மின்தராசு, நெல்லின் ஈரம் பார்க்கிற மீற்றர், ஒரு கட்டு வெறுஞ்சாக்கு, பிள்ளைகளின் உடுப்புப் பைகள். வழமையாக இந்தப் பயணத்துக்கு நானும் சாரதியும்தான் வருவோம். பள்ளிக்கூட லீவு என்பதால் இம்முறை எல்லாரையும் ஏற்றிக்கொண்டேன். நெல் ஆலைக்குள் நின்று பார்க்கிற பிள்ளைக்கு நெல் லொறியில் வந்து இறங்குகிற சாமான். அது எந்தக் குளத்துத் தண்ணீரில் விளைகிறது, விளைவித்தவர் எதை நம்பி அதை என்னிடம் தருகிறார் என்பதை அவர்கள் நேரில் பார்க்க வேண்டும் என்று கனநாளாக ஆசை.

என் தொழில் பெரியதல்ல. மொட்டைக்கறுப்பன், ஆட்டக்காரி, ஏ.ரி. 362 மாதிரியான சிவப்பு நெல்லை யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே உள்ள வன்னியில் வாங்கி, அவித்துக் குற்றிப் பொதி செய்கிறேன். கூடவே கொஞ்சம் காட்டுத்தேனும், பாலைப்பழத்துப் பாகான பாலைப்பாணியும்.

முகமாலை தாண்டும்போது மிதிவெடி அபாயம் என்ற சிவப்புப் பலகைகளை மகன் எண்ணிக்கொண்டே வந்தான். ஆனையிறவில் உப்புக்காற்று. பரந்தனில் பிளேன்ரீ. ஒன்பது மணிக்குள் இரணைமடுக்குக் கீழே ஒரு விவசாயி வீட்டு முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம் இரணைமடு. குளத்துத் தண்ணீரை நம்பிக் கோடையில் செய்கிற சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை ஒவ்வொரு வருஷமும் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துக் கூட்டம் கூடித்தான் முடிவெடுப்பார்கள். அதில் ஒவ்வொருவரும் விதைக்கக் கிடைக்கிற பங்குக்காணி எவ்வளவு என்ற கதையைக் கேட்டாலே இந்த ஊர்களின் கணக்கு வழக்கு விளங்கும்.

நெல் வியாபாரத்தில் வன்னி விவசாயிக்கு ஆறாத புண் ஒன்று உண்டு. அதன் பெயர் கழிவு. மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு என்று வியாபாரி சொல்வார். சாக்கு நிறை என்பார், ஈரம் என்பார், பதர் என்பார். பொலித்தீன் சாக்கு ஒன்றின் நிறை நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். ஈரத்துக்கு ஒரு நேர்மையான கணக்கு இருக்கிறது. நெல்லை வைத்துப் பாதுகாக்க ஈரம் 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். 18 சதவீத ஈரத்தோடு வருகிற 100 கிலோ நெல், 14க்குக் காயும்போது 95 கிலோவும் கொஞ்சமும் நிற்கும். 16 என்றால் 97 கிலோவும் கொஞ்சமும். இதைக் கணக்கு வாத்தியார் வந்து சொல்லத் தேவையில்லை. ஒரு அட்டையில் எழுதி, நெல் நிறுக்கிற இடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். மீற்றரை விவசாயியின் கையிலேயே கொடுத்துவிடுவேன். தராசின் இலக்கம் தெரிகிற பக்கம் அவரைப் பார்த்தபடி இருக்கும். நிறுக்கத் தொடங்குமுன் முத்திரை குத்திய 20 கிலோப் படிக்கல்லை ஏற்றிக் காட்டுவோம். அரை மணித்தியாலம் கூடுதலாகப் போகும். போகட்டும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்களே, அந்த வருஷம் நான் மாரிப் போகமான காலபோகத்துக்கு முற்பணம் கொடுத்திருந்தேன். யூரியா இல்லாத வயல் மஞ்சளாக நின்றது. விளைச்சல் விழுந்தது. அடுத்த வருஷம் டீசலுக்கு வரிசை. என்னுடைய முற்பணம் போனதுதான் என்று ஆலையில் எல்லாரும் சொன்னார்கள். ஆனால் வந்தது. பாதி மூட்டையாக, கால் மூட்டையாக, இரண்டு போகத்துக்குப் பிறகு. ஒருவர் மட்டும் போனை எடுக்கவே இல்லை. அவரும் அடுத்த வருஷம் மகனிடம் நெல்லைக் கொடுத்துவிட்டிருந்தார்.

பின்னேரம் அப்பாவின் கடை இருந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். இப்போது அங்கே போன் திருத்துகிற கடை. 2008 கடைசியில் போர் நெருங்க, அப்பா அதைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டார். கடன் கொப்பி இடம்பெயர்ந்த வழியில் எங்கேயோ போய்விட்டது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு, 2010இல், விசுவமடுப் பக்கத்து விவசாயி ஒருவர் சைக்கிளில் தேடிக்கொண்டு வந்தார். "அண்ணை, உங்கடை கொப்பி இல்லையெண்டு கேள்விப்பட்டன். என்ரை மனசிலை இருக்கிற கணக்கு இது" என்று காசை வைத்தார். அவரே அப்போது தகரக் கொட்டிலில் இருந்தார். அப்பா அதை வாங்கத் தயங்கினார். வாங்காவிட்டால் தான் இரவில் நித்திரை கொள்ளமாட்டேன் என்று அவர் சொன்னார். அன்று நான் பக்கத்தில் நின்றேன். வியாபாரம் செய்யத்தான் வேண்டும், வன்னியில்தான் செய்ய வேண்டும் என்று நினைத்தது அன்றைக்குத்தான்.

வெள்ளி, ஒட்டுசுட்டான்

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகிற வாகனம் உண்டா? தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, சுடச்சுடக் கச்சான் வாங்கிக்கொண்டு மாங்குளத்தில் கிழக்கே திரும்பினோம். அங்கிருந்து வீதியின் இரண்டு பக்கமும் காடு. பாலை, வீரை, முதிரை. பாலைப்பழக் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரு வளைவில் சிறுவர்கள் போத்தலில் பாலைப்பாணி வைத்து விற்றார்கள். மகள் மிச்சமிருந்த பழத்தில் ஒரு கை வாங்கிச் சாப்பிட்டு, உதடு ஒட்டிக்கொண்டு கதைக்க முடியாமல் தவித்தாள். தேங்காயெண்ணெய் பூசினால் விடும் என்று மனைவிக்குத் தெரியும்.

தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, கற்சிலைமடுவில் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லடியில் இறங்கினோம். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்து வெள்ளைக்காரனின் பீரங்கிகளைக் கொண்டுபோனவன். அதே வருஷம் அக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் இங்கே தோற்றான். காக்கைவன்னியன் காட்டிக்கொடுத்தான் என்பது ஊரில் வழங்குகிற கதை. அது வரலாறோ இல்லையோ, இரு நூறு வருஷமாக ஒரு பெயரை இந்தச் சனம் மன்னிக்காமல் வைத்திருக்கிறது. நம்பினவனைக் கெடுத்தவன் என்ற பெயர் எடுத்தால் வன்னியில் அது பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும் என்று மகனுக்குச் சொன்னேன்.

இரவு முத்தையன்கட்டு இடதுகரையில் பெரியப்பா வீடு. வெள்ளிக்கிழமை, மரக்கறிச் சாப்பாடு. முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தபடி பெரியப்பா வேட்டைக்கதை சொன்னார். அந்த நாளில் அப்பப்பாவுடன் ஆறேழு பேர் இடியன் என்ற நாட்டுத் துவக்கோடு போய், இரண்டு மூன்று நாள் காட்டில் கிடப்பார்களாம். பெரிய மானான மரை விழுந்தால் ஊருக்கே இறைச்சி. மிஞ்சினதை உப்புப் போட்டுப் புகையில் வாட்டி வத்தலாக்கி, தேனுக்குள் ஊறவைத்துப் பானையில் வைத்திருப்பார்கள். வருத்தம் துன்பம், பிள்ளைப்பேறு, விருந்தாளி என்றால் அந்தப் பானை திறக்கும்.

"இப்ப ஏன் மரை சுடுறேல்லை, அப்பப்பா?" என்று மகன் பெரியப்பாவைக் கேட்டான்.

"சட்டம் விடாது ராசா. விட்டாலும் சுடப்படாது. எத்தினை மிச்சம் கிடக்கு எண்டு ஆருக்குத் தெரியும்?"

1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானுக்கும் மரைக்கும் காவல். அது சரியான சட்டம் என்றுதான் நானும் சொல்வேன். கட்டுத்துவக்கு வைக்கிறவர்களைப் பற்றிப் பெரியப்பாவுக்கு வேறு கோபம். பாதையில் நூலைக் கட்டி, துவக்கை மறைத்து வைத்துவிட்டு வீட்டில் போய்ப் படுக்கிறவன் வேட்டைக்காரன் இல்லை என்பது அவர் கட்சி. விறகுக்குப் போன மனிசரையும் அது சுடும், குட்டி வயிற்றில் இருக்கிற மானையும் சுடும். எதைச் சுடுகிறோம் என்று பார்க்காத துவக்கை அவர் துவக்கு என்றே சொல்வதில்லை.

சனி, காட்டுக்குள்

தேனுக்குப் போனோம். எனக்கு நெடுநாளாகத் தேன் தருகிற அண்ணை ஒருவர் வலதுகரைப் பக்கம் இருக்கிறார். அவருக்கு முன்னால் யாரும் நடக்கக் கூடாது என்பது முதற் சட்டம். மிதிவெடி எடுத்து முடித்த காடு என்றாலும் அவர் தன் பழகின தடத்தை விட்டு இறங்கமாட்டார். இரண்டாவது சட்டம், கரடி கண்டால் ஓடக் கூடாது. பாலைப்பழமும் தேனும் அதற்கும் சாப்பாடு, நாங்கள் அதன் கடைக்குள் நிற்கிறோம் என்றார்.

பேராற்றின் கிளையொன்றில் வற்றிய மடு. ஓரத்து ஈரமண்ணில் தேனீக்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அண்ணை குந்தி இருந்தார். எங்களையும் இருக்கச் சொன்னார். தேனீ எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி நேராகப் போகிற திசையைப் பார்க்க வேண்டும். கதிரவனுக்கு எதிராகப் பார்த்தால் சிறகு மினுங்கும். மகளுக்கு அது முதலில் தெரிந்தது. "அந்த வீரைக்கு மேலாலை, மாமா" என்று கையை நீட்டினாள். அந்தத் திசையில் கால் மைல் போனபோது முதிரைப் பொந்து ஒன்று. வாயில் மெழுகுக் கறுப்பு.

பச்சை இலையும் காய்ந்த தும்பும் கட்டிப் புகை போட்டார். கோடரியால் பொந்தின் வாயைக் கொஞ்சம் பெருப்பித்து, சேட்டுக்கூட இல்லாத கையை முழங்கை மட்டும் உள்ளே விட்டார். தடவித் தடவித்தான் எடுத்தார். வதை என்றால் தேனடை. முதல் வதை தேன் வதை, வெள்ளை மூடியோடு. இரண்டாவது, மூன்றாவது. பிறகு விரலால் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது புழு வதை, கிடக்கட்டும்" என்று கையை வெளியே எடுத்தார். தேன் வதையிலும் ஒன்றை விட்டிருந்தார். பொந்து வாய்க்கு மரப்பட்டையை வைத்துக் களிமண் அப்பினார். அடுத்த வருஷமும் இதே மரத்துக்கு வருவதற்கு அதுதான் வழி.

காட்டுத்தேன் என்று போத்தலில் ஒட்டி விற்கிறவர்கள் நிறையப் பேர். சீனிப்பாணியைக் காய்ச்சி ஊற்றியவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். தண்ணீரில் விட்டுப் பார், தீக்குச்சியைத் தோய்த்துக் கொளுத்திப் பார், எறும்பு வருகிறதா பார் என்று ஆளுக்கொரு சோதனை சொல்வார்கள். தடித்த சீனிப்பாணியும் தண்ணீரில் கட்டியாகத்தான் இறங்கும். அந்தச் சோதனைகளை நான் நம்புவதில்லை. ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம், நான் அனுப்புகிறேன். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் தேன் புளிக்கத் தொடங்கும், அதற்காகவாவது பார்க்க வேண்டும். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது இவருக்குப் பின்னால் காட்டுக்குள் நடக்காமல் இவருடைய தேனை நான் விற்கமாட்டேன். அவரும் அதைத்தான் விரும்புகிறார். "நீங்கள் வந்து பாத்தியள் எண்டால் எனக்கும் தைரியம் தம்பி, பிறகு ஆரும் கதைச்சால் நீங்கள் கண்டனியள்தானே" என்றார். சந்தேகப்பட்டு வருகிறேன் என்று ஒருநாளும் அவர் நினைத்ததில்லை. பார்க்க வருகிறவனைத்தான் நம்பலாம் என்பது அவருடைய எண்ணம்.

ஞாயிறு, வயற்காவல்

சனி இரவு நடந்ததை இன்று எழுதுகிறேன். இன்னும் நித்திரை முறிந்த கண்.

சிறுபோக நெல் பால் பிடித்து நிற்கிற நேரம். பன்றி வராத இரவு இல்லை. ஒரு கூட்டம் இறங்கினால் விடியும்போது கால் ஏக்கர் உழுத மாதிரிக் கிடக்கும். தின்பதைவிட மிதித்து உழக்குவது அதிகம். பெரியப்பாவின் மகன், எங்கள் பெரியண்ணன், வரம்புமூலையில் பரண் கட்டியிருக்கிறார். தகரப் பேணிகளைக் கயிற்றில் கோத்து வயலைச் சுற்றிக் கட்டி, நுனியைப் பரணில் வைத்திருப்பார். பக்கத்து வயற்காரரிடம் பயிர்ப் பாதுகாப்புக்கு அனுமதி எடுத்த துவக்கு இருக்கிறது. மகனும் நானும் பரணில். மனைவியும் மகளும் கொட்டிலில், நெருப்புக்குப் பக்கத்தில்.

சாமம் தாண்டி நாய்கள் ஒரே பக்கம் பார்த்து உறுமின. பிறகு வாய்க்கால் பக்கம் சளக் சளக் என்று சத்தம். பெரியண்ணன் கயிற்றை இழுக்கவில்லை. பக்கத்து வயற்காரர் ரோச் அடிக்கும்வரை ஒருவரும் மூச்சுக் காட்டவில்லை. வெளிச்சத்தில் தலை நிமிர்த்தி நின்றது தனி ஆண். பின்னுக்குக் குட்டிகள் இல்லை என்று பார்த்துத்தான் அவர் சுட்டார். ஒரே வெடி. மகன் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தான். நெடுநேரம் அவன் கதைக்கவில்லை. நானும் அவனைக் கதைக்க வைக்கவில்லை.

விடிய, வைக்கோல் போட்டு வாட்டிச் சுரண்டி, வாய்க்கால் கரையில் வெட்டினார்கள். மகள் பார்க்க வரவில்லை. தான் சாப்பிடமாட்டேன் என்றும் சொன்னாள். அது அவள் விருப்பம், ஒருவரும் வற்புறுத்தவில்லை. மனைவிக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் மூன்று மாத உழைப்பு ஒரு இரவில் போவதைப் பார்த்த வயல்காரப் பெண்களோடு இரவு முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்தவள், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இனித்தான் நான் பிள்ளைகளைக் கூட்டிவந்ததற்கான விசயம். பெரியப்பா வந்து வரம்பில் குந்தினார். பதினொரு தேக்கிலை விரித்தார்கள். சுட்டவருக்கு ஒன்று, துவக்குக்கு ஒன்று, வயற்காரருக்கு ஒன்று, நாய்களுக்கு ஒன்று, காவலுக்கு நின்ற ஒவ்வொருவருக்கும் ஒன்று. மகன் நின்றபடியால் அவனுக்கும் முழுப்பங்கு, அரைப்பங்கு இல்லை. மூலைவீட்டில் தனியே இருக்கிற அம்மா ஒருவருக்கும் ஒன்று. அவர் வேட்டைக்கு வந்தவர் இல்லை. ஆனால் ஊரில் கூறு விழுகிற நாளெல்லாம் அவருக்கும் விழும். தொடையில் ஒரு துண்டு, விலாவில் ஒரு துண்டு, ஈரலில் ஒரு கீறு என்று ஒவ்வொரு இலையிலும் எல்லாம் விழ வேண்டும். பெரியண்ணன் வெட்டி வைத்தார். பெரியப்பா இந்த இலையில் இருந்து ஒரு துண்டை எடுத்து அந்த இலையில் போட்டார், திரும்ப எடுத்தார். நிறுக்கவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "காணுமோ?" என்று, போதுமா என்ற அர்த்தத்தில், கேட்டார். "காணும்" என்றார்கள்.

பிறகு மகனைக் கூப்பிட்டு, கூறுகளுக்கு முதுகு காட்டி, குளக்கட்டைப் பார்த்தபடி நிற்கச் சொன்னார். பெரியண்ணன் ஒரு இலையைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்றார். மகன் ஒரு பெயர் சொன்னான். "இது ஆருக்கு?" அடுத்த பெயர். பதினொன்றும் முடியும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெயர் விழுந்த இலையை அவரவர் எடுத்தார்கள். வெட்டிக் கூறு வைத்த பெரியண்ணனின் பெயர் கடைசியில்தான் வர வேண்டும் என்று மகனுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். வெட்டினவனுக்குக் கடைசிக் கூறு.

"நான் ஏன் திரும்பி நிக்கவேணும்? நான் களவு செய்யமாட்டன்தானே" என்று மகன் கேட்டான். அவனுக்குக் கொஞ்சம் ரோசம்.

பெரியப்பா சிரிக்கவில்லை. "நீ செய்யமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். நீ செய்யேல்லை எண்டு அவையளுக்கும் தெரியவேணுமல்லோ. அதுக்குத்தான்."

நான் கொப்பியை எடுத்து அந்த இடத்திலேயே எழுதிக்கொண்டேன். படிக்கல்லும், ஈர அட்டையும், விவசாயியைப் பார்த்துத் திருப்பி வைத்த தராசும் நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். அப்பப்பா காலத்திலேயே இந்தக் காட்டில் அது நடந்திருக்கிறது. நல்லவன் என்று பெயர் எடுத்த ஆளையும் திருப்பி நிறுத்தித்தான் கூறு சொல்ல வைத்திருக்கிறார்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை. அந்த ஆளின் நல்ல பெயருக்கு அது காவல்.

கொழும்பில் ஒரு மொத்த வியாபாரியோடு முத்திரை ஒட்டிய ஒப்பந்தம், சட்டத்தரணியின் கையெழுத்து எல்லாம் வைத்துத்தான் நெல்லரிசி அனுப்பினேன். செக் திரும்பி வந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. அந்தக் கடுதாசியில் எல்லாம் இருந்தது. என் அரிசி எங்கே போய் எத்தனைக்கு விற்றது என்று நான் பார்க்கிற மாதிரி மட்டும் ஒன்றும் இருக்கவில்லை. கடுதாசி வேண்டாம் என்று சொல்லவரவில்லை, கடுதாசி கட்டாயம் வேண்டும். ஆனால் கூறு போடுகிற இடத்தில் நானும் நிற்காத வியாபாரத்தை இனிச் செய்யமாட்டேன்.

திங்கள், வற்றாப்பளை

முள்ளியவளை வழியாக வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் போனோம். வைகாசிப் பொங்கலுக்குச் சனம் அலைமோதிய வெளி இன்று வெறிச்சென்று கிடந்தது. நந்திக்கடல் பக்கத்துக் காற்று மட்டும். போர் முடிந்த 2009ஐப் பற்றி மகள் கேட்டாள், தெரிந்ததைச் சொன்னேன். அதை இங்கே எழுதவில்லை.

புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன் வழியாகத் திரும்புகிறோம். வழியில் பெரியண்ணனுக்கும் இரணைமடுக்காரருக்கும் போன் போட்டு ஒரு விசயம் சொல்லிவிட்டேன். இந்தப் போகத்தில் இருந்து, அரிசி விற்று முடிந்த பிறகு ஆலையின் வரவு செலவை அவர்கள் முற்றத்தில் வைத்து வாசிப்போம். கொள்விலைக்கு மேலே மிஞ்சுவதில் விவசாயிகளுக்குச் சேர வேண்டிய பங்கை வங்கியில் போடுமுன், அந்த இடத்திலேயே எல்லாருக்கும் முன்னால் கூறு பிரிப்போம். ஆலையின் கூறு கடைசியில். இரணைமடுப் பக்கம் ஒருவர், "தம்பி, நட்டம் எண்டால்?" என்று கேட்டார். நட்டமென்றாலும் அதே முற்றத்தில் வாசிப்பேன், அதைப் பிரித்து உங்கள் தலையில் போடமாட்டேன், எப்படி வந்தது என்று மட்டும் நீங்கள் பார்க்க வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்போ தன் ஆட்டக்காரி முழுவதையும் எனக்கே தருவதாகச் சொன்னார்.

நல்லூர்த் திருவிழாக் கொடியேறுமுன் முதல் அறுவடை வந்துவிடும் போலிருக்கிறது. நெல் நிறுக்கிற நாளில் கொப்பி எழுதத் தானும் வருவதாக மகள் சொல்லியிருக்கிறாள். ஈர அட்டையில் 17க்கும் 19க்கும் கணக்கு எழுதாமல் விட்டிருக்கிறேனாம். வேனுக்குள் இருந்தே போனில் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். 17 என்றால் 96 கிலோ 510 கிராம், 19 என்றால் 94 கிலோ 190 கிராம்.